‘இ-ஏடிஎக்ஸ்’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள்: பெரிய சர்வர் போர்டுக்குக் கேபினெட் தேடும் வழி

டேட்டா சென்டர்கள் கழித்துவிட்ட இரட்டை ஸியான் (இன்டெல்லின் சர்வர் பிராசசர்) மதர்போர்டுகள் செகண்ட் ஹேண்டில் சகாய விலைக்கு வருகின்றன. பிராசசரும் மலிவு. போர்டு கைக்கு வந்த பிறகுதான் தலைவலி ஆரம்பம்: வீட்டில் இருக்கும் எந்தக் கேபினெட்டிலும் அது உட்காராது. கடையில் போய்க் கேட்டால் “இ-ஏடிஎக்ஸ் சப்போர்ட் இருக்கு சார்” என்று ஒரு பெட்டியை எடுத்து வைப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய போர்டு அளவைக் குறிக்கும் அந்தப் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான். மில்லிமீட்டரில் பேசினால் மட்டுமே காரியம் நடக்கும்.

சாதாரண ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ. இதில் 305 என்பது கேபினெட்டின் பின்பக்கத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடும் நீளம். 244 என்பது பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி வரும் அளவு. சர்வர் போர்டுகளுக்கான எஸ்எஸ்ஐ அளவுகளில் சிஇபி 305 × 267. எஸ்எஸ்ஐ இஇபி 305 × 330. முறையான இ-ஏடிஎக்ஸும் 305 × 330தான். ஆனால் கேமிங் போர்டு கம்பெனிகள் 270 மி.மீ. சுற்றுவட்டத்தில் ஒரு போர்டைச் செய்து அதற்கும் இ-ஏடிஎக்ஸ் என்றே பெயர் வைத்தன. கேபினெட் கம்பெனிகளும் அதற்குத் தகுந்தாற்போல் இடம்விட்டு அதே பெயரை அச்சடித்தன. ஃப்ராக்டல் டிஃபைன் 7 கேபினெட்டின் இ-ஏடிஎக்ஸ் வரம்பு 285 மி.மீ. கோர்செயர் 7000டி எவ்வளவு பிரம்மாண்டமாகத் தெரிந்தாலும் அதன் கணக்கு 305 × 277. இரண்டிலுமே 330 மி.மீ. சர்வர் போர்டு நுழையாது. ஸ்பெக் ஷீட்டில் இ-ஏடிஎக்ஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் எண் எதுவும் இல்லையென்றால், அது 277தான் என்று வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நல்லது.

இதைத் தாண்டியும் ராட்சத அளவுகள் உண்டு. சூப்பர்மைக்ரோவின் எக்ஸ்9டிஆர்ஐ-எல்என்4எஃப்+ போர்டு 24 ரேம் ஸ்லாட்டுகளோடு 347 × 330 மி.மீ. வரும், இதை இஇ-ஏடிஎக்ஸ் என்பார்கள். நான்கு சாக்கெட் ஆப்டெரான் (ஏஎம்டியின் சர்வர் பிராசசர்) போர்டான ஹெச்8க்யூஜி6 419 × 330. இவிஜிஏ எஸ்ஆர்-2 345 × 381, இதற்கு ஹெச்பிடிஎக்ஸ் என்று பெயர். 419 மி.மீ. போர்டு உங்களிடம் இருந்தால் டவர் கேபினெட் ஆசையை விட்டுவிட்டு, அந்தப் போர்டு பிறந்த சேசிஸையே (சர்வர் பெட்டியையே) தேடுங்கள். வேறு வழி, கேபினெட்டே இல்லாமல் திறந்த பலகையில் பொருத்துவதுதான்.

கேபினெட் தேடுவதற்கு முன்னால் போர்டே தேறுமா என்று பார்க்க வேண்டும். டெல் பவர்எட்ஜ், ஹெச்பி ப்ரோலயன்ட் ரேக் சர்வர்களிலிருந்து கழற்றிய போர்டுகள் விலையில் ஆசை காட்டும். அவற்றின் பவர் கனெக்டர், ஃபேன் கனெக்டர், ஓட்டைகளின் இடம், ஃப்ரண்ட் பேனல் எல்லாமே சொந்த டிசைன். சூப்பர்மைக்ரோவிலும் டபிள்யூஐஓ, யூஐஓ என்று குறிப்பிட்ட போர்டுகள் 1யூ, 2யூ (ரேக்கில் உயரத்தைச் சொல்லும் அளவு) சேசிஸுக்காகச் செய்தவை. கார்டுகளை ரைசர் (கார்டைத் திருப்பிப் பிடிக்கும் இணைப்புப் பலகை) வழியாகப் படுக்கவைத்துத்தான் செருக முடியும். போர்டின் போட்டோவில் 24 பின் கனெக்டரும் 8 பின் சிபியூ பவர் கனெக்டர்களும் வழக்கமான வடிவில் தெரிகின்றனவா, பின்பக்கப் போர்ட்டுகள் ஒரே செவ்வகத்துக்குள் அடங்குகின்றனவா, பிசிஐஇ ஸ்லாட்டுகள் சம இடைவெளியில் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்க வேண்டாம்.

எதை அளப்பது

டேப்பை எடுத்துப் போர்டின் நீள அகலத்தை மட்டும் அளந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். ஐஓ ஷீல்டு (பின்பக்கப் போர்ட்டுகளைச் சுற்றி வரும் தகடு) ஓட்டையும் எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்டுகளும் கேபினெட்டின் பின்தகட்டில் நிலையாக இருப்பவை. ஷீல்டு ஓட்டை 158.75 × 44.45 மி.மீ., ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 20.32 மி.மீ. எல்லாக் கம்பெனிக்கும் இதே கணக்கு. ஆகவே 347 மி.மீ. போர்டில் கூடுதலாக வரும் 42 மி.மீ. ஒன்று ஐஓ ஷீல்டுக்கு மேலே நீட்ட வேண்டும், அல்லது கடைசி ஸ்லாட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். உங்கள் போர்டில் எந்தப் பக்கம் என்பதைப் போர்ட்டுகளின் மேல்விளிம்பிலிருந்து போர்டின் மேல்விளிம்பு வரை அளந்து தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கேபினெட்டில் ஷீல்டு ஓட்டையின் மேல்விளிம்பிலிருந்து மேல்தகடு வரை அளங்கள். மேலே ஃபேன் மாட்டியிருந்தால் அதற்கு 25 மி.மீ. கழியுங்கள். எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) மேலே உட்காரும் பழைய பாணிக் கேபினெட்டுகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும்.

அடுத்தது முன்னோக்கிய அளவு. 330 மி.மீ. போர்டுக்கு 330 மி.மீ. இடம் போதாது. 24 பின் கேபிளைச் செருகி வளைக்க 25 முதல் 30 மி.மீ. வேண்டும். சாட்டா, மினி-சாஸ் (இரண்டுமே டிஸ்க் கேபிளுக்கானவை) கனெக்டர்கள் போர்டின் விளிம்பில் படுத்த நிலையில் இருந்தால், கேபிளைச் செருகிய நிலையில் வைத்து அளங்கள். மினி-சாஸ் கேபிளின் தலை நீளமானது, சட்டென்று வளையாது. ஹார்ட் டிஸ்க் கூண்டு எங்கே முடிகிறது, முன்பக்க ஃபேன் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதும் இதே கணக்கில் சேர்த்தி. பல கேபினெட்டுகளில் ரப்பர் வளையம் போட்ட கேபிள் ஓட்டைகளை அகலப் போர்டு முழுசாக மூடிவிடும். அப்புறம் கேபிளைப் போர்டின் மேலேயோ கீழேயோ சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு நீளமான கேபிள் வேண்டும்.

மூன்றாவது, ஓட்டைகள். ஏடிஎக்ஸ் போர்டின் ஸ்குரூ ஓட்டைகள் பின்விளிம்பிலிருந்து 10.16, 165.1, 237.5 மி.மீ. என்று மூன்று வரிசைகளில் வரும். 330 மி.மீ. போர்டில் கடைசி வரிசைக்குப் பிறகு 92 மி.மீ. மிச்சம் இருக்கிறது. ரேம் ஸ்லாட்டுகளில் சிலவும் 24 பின் கனெக்டரும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும். அதாவது ஏடிஎக்ஸ் ஓட்டைகள் மட்டும் உள்ள கேபினெட்டில், நீங்கள் கட்டைவிரலால் பலமாக அமுக்கப்போகும் இடத்துக்கு அடியில் தாங்கல் கிடையாது. அமுக்கும்போதெல்லாம் போர்டு வில்லாக வளையும். சிப்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் அடியிலுள்ள சால்டர் உருண்டைகள் விரிசல் விடும். அது உடனே தெரியாது, எப்போதாவது ஒரு ரேம் ஸ்லாட் காணாமல் போகும். பிறகு ரேமைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இஇபி போர்டின் ஓட்டைகளும் இ-ஏடிஎக்ஸ் ஓட்டைகளும் முழுக்க ஒன்றல்ல. பெரும்பாலானவை பொருந்தும், ஒன்றிரண்டு விலகும். அளவு ஒன்றுதான் என்று நம்பிப் பழைய ஸ்டாண்டுகளை (போர்டைத் தகட்டுக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் குட்டிக் கால்களை) அப்படியே விட்டுவிட்டால், ஓட்டை இல்லாத இடத்தில் நிற்கும் பித்தளை ஸ்டாண்டு போர்டின் அடிப்பக்கம் ஏதாவது ஒரு கம்பியைத் தொட்டு ஷார்ட் ஆகும். போர்டை வைப்பதற்கு முன் எல்லா ஸ்டாண்டுகளையும் கழற்றுங்கள். போர்டை ஒரு சார்ட் பேப்பரின் மேல் வைத்து, விளிம்பையும் ஓட்டைகளையும் பென்சிலால் குறியுங்கள். அந்தக் காகிதத்தைக் கேபினெட்டின் தகட்டில் வைத்துப் பார்த்து, குறி விழுந்த இடத்தில் மட்டும் ஸ்டாண்டைத் திருகுங்கள். சில ரேக் சேசிஸ்களில் தகட்டையே மேடாக அடித்து ஸ்டாண்டு செய்திருப்பார்கள், கழற்ற முடியாது. அப்படிப்பட்ட மேடு போர்டுக்கு அடியில் ஓட்டையில்லாத இடத்தில் வந்தால், அந்தச் சேசிஸை வாங்காமல் விடுவதே உத்தமம். வாங்கியாகிவிட்டது என்றால் மேட்டைக் கிரைண்டரால் வெட்டுங்கள். இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, அடியிலிருக்கும் கூரான சால்டர் முனை டேப்பைக் குத்திவிடும்.

எதை வாங்கலாம்

347 × 330 போர்டை வெட்டாமல் கொத்தாமல் ஏற்கும் கடைச் சரக்கு என்றால் ஃப்ராக்டல் டிஃபைன் 7 எக்ஸ்எல், அதன் காற்றோட்டமான உடன்பிறப்பு மெஷிஃபை 2 எக்ஸ்எல். இஇ-ஏடிஎக்ஸ், எஸ்எஸ்ஐ இஇபி, சிஇபி மூன்றும் ஸ்பெக்கிலேயே எழுதியிருக்கின்றன, எண்ணோடு. இரண்டில் சர்வர் போர்டுக்கு மெஷிஃபைதான் சரி. டிஃபைனின் மூடிய முகப்பு சத்தத்தை அடக்கும், அதோடு காற்றையும் அடக்கும். இஇபி அளவுக்கு, அதாவது 305 × 330க்கு, ஃபேன்டெக்ஸ் என்தூ ப்ரோ 2 போதும். சூப்பர்மைக்ரோ ஹெச்11டிஎஸ்ஐ, கிகாபைட் எம்இசட்72-ஹெச்பி0, ஆசஸ் கேஜிபிஇ-டி16 எல்லாம் இந்த அளவில் வருபவை. டிஃபைன் 7 எக்ஸ்எல் 604 மி.மீ. நீளம், 566 மி.மீ. உயரம், காலியாகவே ஒரு ஆள் தூக்கத் திணறும் எடை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த ரகம் ஷோகேஸில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், வரவழைத்துத்தான் தருவார்கள். சின்ன மேஜையின் அடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் மேஜையை அளங்கள்.

ஹார்ட் டிஸ்க் நிறைய வேண்டுமென்றால் பழைய சூப்பர்மைக்ரோ 846 சேசிஸுக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை. 4யூ உயரம், 660 மி.மீ. ஆழம், 24 ஹாட்-ஸ்வாப் (ஓடும்போதே டிஸ்க்கை மாற்றக்கூடிய) டிரேக்கள், 347 × 330 போர்டுக்கு இடம். செகண்ட் ஹேண்டில் எடுக்கும்போது பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பின்பலகை) மாடலைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ‘சாஸ்846இஎல்1’ என்றால் அது 3 ஜிகாபிட் எக்ஸ்பாண்டர் (ஒரு கேபிளைப் பல டிஸ்க்குகளுக்குப் பகிரும் சிப்). 2 டிபிக்கு மேலான டிஸ்க்குகளோடு தகராறு செய்யும். ‘சாஸ்2-846இஎல்1’ என்றால் 6 ஜிகாபிட், பிரச்சினை இல்லை. ‘846ஏ’ என்றால் எக்ஸ்பாண்டரே கிடையாது. ஆறு மினி-சாஸ் கேபிள்கள் நேராகப் போகும். ‘டிக்யூ’ என்றால் 24 தனித்தனி சாட்டா கேபிள்கள், கேபிள் காட்டுக்குள் நுழையத் தயாராக இருங்கள். பவர் சப்ளை பிடபிள்யூஎஸ்-920பி-எஸ்க்யூ என்றிருந்தால் வீட்டில் வைக்கலாம். மற்ற பழைய மாடல்கள் அடுத்த அறைக்கும் கேட்கும்.

தகட்டில் ஓட்டை போடுவதானால்

கேபினெட்டில் இடம் இருக்கிறது, ஸ்டாண்டு ஓட்டைகள் மட்டும் இல்லை என்ற நிலைதான் அதிகம். இது பட்டறைக்குப் போகாமலே முடியும் வேலை.

முதலில் பொருந்தும் ஓட்டைகளில் ஸ்டாண்டு போட்டு, போர்டை வைத்து, லேசாகத் திருகுங்கள். மேல் ஸ்லாட்டில் ஒன்று, கீழ் ஸ்லாட்டில் ஒன்று என்று இரண்டு பிசிஐஇ கார்டுகளைச் செருகி, அவற்றின் பிராக்கெட் பின்தகட்டில் இழுபறி இல்லாமல் உட்கார்கிறதா என்று பாருங்கள். அப்படி உட்கார்ந்த பிறகுதான் மற்ற ஓட்டைகள் வழியாக மெல்லிய மார்க்கரால் தகட்டில் குறிக்க வேண்டும். கார்டு இல்லாமல் குறித்தால் எல்லா ஓட்டையும் ஒருசேர ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பிறகு எந்தக் கார்டும் நேராக நிற்காது.

போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., ஃபேன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, குறியின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. 2 மி.மீ. பிட்டால் முதல் ஓட்டை, அடுத்து 3.2 மி.மீ. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாக இறக்குங்கள். தகட்டிலேயே மறை வெட்டும் யோசனை வேண்டாம்: ஒரு மி.மீ. தகட்டில் எம்3 (3 மி.மீ. ஸ்குரூ) மறை இரண்டு சுற்று மட்டுமே பிடிக்கும், இரண்டாவது முறை திருகும்போது வழுக்கிவிடும். ஆண் மறையுள்ள எம்3 ஸ்டாண்டை ஓட்டையில் விட்டு, தகட்டின் பின்னால் நட்டுப் போட்டு இறுக்குங்கள். கேபினெட்டோடு வரும் 6-32 ஸ்குரூவைவிட எம்3 ஏன் நல்லது என்றால், போர்டின் ஓட்டை 3.96 மி.மீ.; எம்3 ஸ்குரூ அதற்குள் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட அரை மி.மீ. நகரும். 6-32 ஸ்குரூ 3.5 மி.மீ. தடிமன், கால் மி.மீ.தான் நகரும். கையால் போட்ட ஓட்டைக்கு அந்த அரை மி.மீ. தேவைப்படும்.

ஸ்டாண்டின் உயரம் ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஏடிஎக்ஸ் கணக்குப்படி குறைந்தபட்சம் 6.35 மி.மீ.; கடையில் 5, 6, 6.5, 8 என்று எல்லாம் கிடைக்கும். வெர்னியரால் பழையதை அளந்து அதே உயரத்தில் வாங்குங்கள். அரை மி.மீ. குறைந்தால் ஒரு வாஷர் போடலாம். கூடினால் அரத்தால் ராவுங்கள், இல்லாவிட்டால் திருகி இறுக்கும்போது போர்டு வளையும்.

சில சமயம் குறி விழும் இடத்தில் தகடே இருக்காது. கூலர் மாட்டுவதற்காக வெட்டிய ஜன்னல் அங்கே வந்திருக்கும். இரண்டு மி.மீ. அலுமினியப் பட்டையை ஜன்னலின் குறுக்கே தகட்டின் பின்பக்கம் திருகி, அதில் ஸ்டாண்டைப் பொருத்தலாம். தகட்டின் தடிமன் அளவுக்கு அந்த ஸ்டாண்டு மற்றவற்றைவிடக் கூடுதல் உயரமாக இருக்க வேண்டும். ஓட்டையே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் மூலைக்குப் பசை அடிப்பாகமுள்ள நைலான் தாங்கல், அல்லது அதே உயரத்துக்கு வெட்டிய ரப்பர் துண்டு. அதைத் தகட்டில் ஒட்டுங்கள், போர்டில் ஒட்ட வேண்டாம்.

ஓட்டையின் இரு பக்கமும் பிசிறு நிற்கும். 8 மி.மீ. பிட்டைக் கையால் பிடித்து இரண்டு திருகு திருகினால் போய்விடும். இரும்புத் துகள்களுக்கு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காந்தத்தை மூலைமுடுக்கெல்லாம் ஓட்டி எடுத்து, பிறகு புளோயர். காந்தத்தைக் கவரில் சுற்றாவிட்டால் துகள்களை அதிலிருந்து பிரிப்பதற்குள் விடிந்துவிடும்.

கேபிள், பட்டன், பவர்

இரட்டைப் பிராசசர் போர்டுக்கு இரண்டு 8 பின் சிபியூ கேபிள்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். ஒரே ஒரு 8 பின் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னை எடுத்துச் செருகும் விபரீதத்தைச் செய்துவிடாதீர்கள். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன. பிளாஸ்டிக்கின் வடிவம் தடுத்தாலும் பலவந்தப்படுத்தினால் நுழையும், அதோடு போர்டின் கதை முடிந்தது. எஸ்.எம்.பி.எஸ். கீழே, கனெக்டர் மேல்மூலையில் என்றால் 600 மி.மீ. கேபிளும் எட்டாமல் போகலாம். நல்ல தடிமனான எக்ஸ்டென்ஷன் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சூப்பர்மைக்ரோ போர்டில் ஃப்ரண்ட் பேனல் கனெக்டருக்கு ஜேஎஃப்1 என்று பெயர். பவர் பட்டன் 1, 2 பின்களில். ரீசெட் 3, 4இல். டிஸ்க் விளக்கு 13, 14இல். பவர் விளக்கு 15, 16இல். வீட்டுக் கேபினெட்டின் பட்டன் ஒயர்கள் இவற்றில் அப்படியே உட்காரும். ஆனால் மொத்தமாக ஒரே கட்டையாக வரும் ஃப்ரண்ட் பேனல் பிளக் பொருந்தாது, அதைப் பிரித்துத் தரும் சின்ன கேபிள் தேவை. எக்ஸ்9 தலைமுறையின் சி602 சிப்செட்டில் யூஎஸ்பி 3 கிடையாது. முன்பக்க யூஎஸ்பி வேண்டுமென்றால் 19 பின்னை 9 பின்னாக மாற்றும் கன்வெர்டர் போட்டு, யூஎஸ்பி 2 வேகத்தில் ஓட்டலாம். ஆடியோ பிளக்குக்கு வேலையே இல்லை.

காற்று

சர்வர் போர்டு, முன்னிருந்து பின்னாகப் புயல்போல ஒரே திசையில் காற்று வரும் என்று நம்பி வடிவமைத்தது. ரேம் வரிசைகளும் ஹீட்சிங்க் தகடுகளும் அதற்குத் தகுந்தபடிதான் நிற்கும். சேசிஸோடு வந்த ஃபேன் இல்லாத 2யூ ஹீட்சிங்க்கை டவரில் அப்படியே போட்டால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நெருக்கமான தகடுகளுக்குள் புகாது. லோடு ஏறியதும் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்க ஃபேனிலிருந்து ஹீட்சிங்க் வரை 3 மி.மீ. சன்போர்டில் ஒரு கூண்டு செய்து மூடினால் வித்தியாசம் அன்றே தெரியும்.

டவர் கூலர் வாங்குவதென்றால், எக்ஸ்9டிஆர்ஐ போன்ற போர்டுகளின் எல்ஜிஏ2011 சாக்கெட்டில் இரண்டு வகைப் பிடிப்பு உண்டு: சதுரம் என்றால் ஓட்டைகள் 80 × 80 மி.மீ., குறுகியது என்றால் 56 × 94 மி.மீ. அளந்துவிட்டு வாங்குங்கள், சாதாரணக் கடைக் கூலர்கள் பெரும்பாலும் சதுரத்துக்கு மட்டும்தான். நாக்டுவாவின் டிஎக்ஸ் ஐ4 வரிசை இரண்டுக்கும் பொருந்தும். அதில் என்ஹெச்-யூ12டிஎக்ஸ் ஐ4 158 மி.மீ. உயரம், டவருக்கு. என்ஹெச்-யூ9டிஎக்ஸ் ஐ4 125 மி.மீ., 4யூ சேசிஸுக்கு. ஒரு பிராசசர் இன்னொன்றுக்கு நேர் பின்னால் இருந்தால், பின்னாலிருப்பது முன்னது விட்ட சூட்டைத்தான் குடிக்கும். சில டிகிரி கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற ஹெச்பிஏ (டிஸ்க்குகளை இணைக்கும்) கார்டுகளுக்கும் காற்று வேண்டும். கார்டுகளுக்கு நேராக ஒரு ஃபேன் கட்டாயம்.

எல்லாம் முடிந்து ஆன் செய்ததும் ஃபேன்கள் முழு வேகத்தில் அலறி, அடங்கி, மறுபடி அலறினால் கேபினெட்டில் கோளாறு இல்லை. சூப்பர்மைக்ரோவின் கண்காணிப்புச் சிப்புக்குத் தெரிந்தது சேசிஸோடு வரும் வேகமான ஃபேன்கள் மட்டும். உங்கள் 120 மி.மீ. ஃபேன் 400 சுற்றில் நிதானமாக ஓடுவதைப் பார்த்து, அது செத்துவிட்டது என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் முழு வேகத்துக்கு விரட்டும். வேகம் ஏறியதும் ஃபேன் பிழைத்துக்கொண்டது என்று குறைக்கும். இது நாள் முழுக்க நடக்கும். ஐபிஎம்ஐடூல் (அந்தச் சிப்போடு பேசும் மென்பொருள்) மூலம் ஒவ்வொரு ஃபேனுக்கும் மூன்று கீழ் வரம்புகளையும் இறக்குங்கள். மிக மோசமான நிலைக்கானதை முதலில் கொடுத்து 150, 225, 300 என்ற வரிசையில். எக்ஸ்9 போர்டுகள் 75இன் மடங்குகளில்தான் கணக்கு வைக்கும், அதனால்தான் இந்த எண்கள். ஃபேனின் குறைந்தபட்ச வேகம் 300க்கும் கீழே போகும் ரகமாக இருந்தால் வரம்பையும் இன்னும் ஒரு படி இறக்குங்கள். அதன்பின் பயாஸில் அல்ல, ஐபிஎம்ஐ வெப் பக்கத்தில் ஃபேன் மோடை ‘ஆப்டிமல்’ என்று வைத்து, ஒரு மணி நேரம் முழு லோடில் ஓடவிட்டு, பிராசசரோடு ரேமின் வெப்பத்தையும் பாருங்கள். ரேம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் கூலரை மாற்ற வேண்டியதில்லை, ரேம் வரிசைக்கு நேராக முன்னால் இன்னொரு ஃபேன் வையுங்கள்.